யூஎஸ்பி நிலை விளக்கு: லினக்ஸ் கணினி அதனிடம் எப்படிப் பேசுகிறது?

சிங்கப்பூரின் பெரிய கடைத்தொகுதிகளில் காரை நிறுத்தச் சென்றவர்களுக்கு அந்தச் சிறு விளக்குகளைத் தெரிந்திருக்கும். ஒவ்வோர் இடத்துக்கு மேலேயும் கூரையிலிருந்து ஒன்று தொங்கும். பச்சை எரிந்தால் இடம் காலி. சிவப்பு எரிந்தால் யாரோ முந்திக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த விளக்குக்குக் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கீழே வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது ஓர் உணர்கருவி. அதைக் கேட்டு நிறத்தை முடிவு செய்வது ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. சொன்ன நிறத்தைக் காட்டுவதோடு விளக்கின் வேலை தீர்ந்தது.

நீங்கள் வேலையாக இருக்கிறீர்களா என்பதை நிறத்தால் பிறருக்குக் காட்ட, கணினியில் செருகும் யூஎஸ்பி நிலை விளக்கும் இப்படி மூன்று பங்காகத்தான் இயங்குகிறது. இதைக் கற்றுக்கொள்ள உட்காருபவர்கள் பெரும்பாலும் கடைசிப் பங்கிலேயே நின்றுவிடுகிறார்கள். விளக்கைச் சிவப்பாக்கியதும் வெற்றி பெற்றதாக எண்ணுகிறார்கள். விளக்கைச் சிவப்பாக்குவது ஒரு வரி வேலை. நீங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்பதை லினக்ஸ் இயங்குதளம் தானாகக் கண்டறிந்து, உரிய நேரத்தில் ஏற்றி, உரிய நேரத்தில் அணைக்க வைப்பதில்தான் சரக்கு இருக்கிறது.

எதற்கு இந்த விளக்கு? 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் மிகக் கடுமையான கொவிட்-19 கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சாப்பாட்டு மேசைகள் எல்லாம் அலுவலகங்களாயின. கட்டுப்பாடுகள் போய்விட்டன, வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் தரும் விண்ணப்பத்தை நிறுவனங்கள் முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. நான்கறை வீட்டில் பாட்டி, இரண்டு பிள்ளைகள், வேலை செய்யும் இருவர் என்று இருந்தால், கதவைத் தட்டலாமா கூடாதா என்பது ஒரு நாளில் பலமுறை எழும் கேள்வி. அதற்கு வாயைத் திறக்காமல் பதில் சொல்வதே இந்த விளக்கின் பயன்.

விளக்குக்குள் என்ன இருக்கிறது?

பெரிதாக ஒன்றுமில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகள் ஒரே குமிழுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அவற்றை ஏற்றி இறக்க ஒரு சிறு நுண்கட்டுப்படுத்திச் சில்லு. இரண்டுக்கும் யூஎஸ்பி துளையிலிருந்து வரும் 5 வோல்ட் மின்சாரம். இத்தகைய எல்இடி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர் எடுக்கும், யூஎஸ்பி 2.0 விதிப்படி கணினியிடம் தனியாக அனுமதி கேட்காமலேயே ஒரு கருவி 100 மில்லிஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு குமிழ் மட்டும் உள்ள விளக்கால் மின்சாரச் சிக்கல் வருவதில்லை.

கடையில் கிடைப்பவற்றில் ‘பிளிங்க்(1)’ என்ற விளக்கு லினக்ஸ் பயனர்களுக்கு நெடுநாள் அறிமுகமானது. திங்எம் நிறுவனம் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதைக் கொண்டுவந்தது. ‘லக்ஸஃபோர்’, ‘குவாண்டோ பிஸிலைட்’, ‘பிளின்க்லைட்’ ஆகியவை அலுவலகங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இவற்றின் தயாரிப்பாளர்கள் தரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் மேக்கையும் நோக்கியே எழுதப்படுகிறது. அதைக் கண்டு தயங்க வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

உங்கள் விசைப்பலகையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

பெரிய எழுத்துப் பூட்டு விசையை அழுத்தினால் விசைப்பலகையில் ஒரு விளக்கு எரிகிறது அல்லவா? விசைப்பலகையே அதை ஏற்றிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விசைப்பலகை, விசை அழுத்தப்பட்ட செய்தியை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அதைப் பெற்று, விளக்கை ஏற்று என்று ஒரு பைட்டை, அதாவது 0 முதல் 255 வரையான ஓர் எண்ணை, திருப்பி அனுப்பிய பிறகே விளக்கு எரிகிறது. கணினி முழுதாக உறைந்துபோனால் அந்த விசையை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு மாறாமல் இருப்பது இதனால்தான்.

விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்காக யூஎஸ்பி தரத்தில் எச்ஐடி என்றொரு கருவி வகை வகுக்கப்பட்டிருக்கிறது. மனிதர் கையாளும் இடைமுகக் கருவி என்பது அதன் பொருள். இந்த வகையைப் புரிந்துகொள்ளும் இயக்கி, அதாவது கருவியோடு பேசும் மென்பொருள், எல்லா இயங்குதளங்களிலும் முன்கூட்டியே இருக்கிறது. கணினியிலிருந்து கருவிக்குச் சில பைட்களை அனுப்பும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. நிலை விளக்குத் தயாரிப்பாளர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். தனி இயக்கி எழுதும் செலவை மிச்சப்படுத்த, தங்கள் விளக்கையும் எச்ஐடி கருவி என்றே அறிமுகப்படுத்தினார்கள். மனிதர் அதில் எதையும் அழுத்தப் போவதில்லை என்றாலும் விதி அதைத் தடுக்கவில்லை. கெட்டிக்காரத்தனமான குறுக்குவழி. லினக்ஸுக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது: தயாரிப்பாளர் லினக்ஸை மறந்துவிட்டாலும் விளக்கோடு பேசும் பாதை திறந்தே இருக்கிறது.

காசு செலவழிக்கும் முன்பே இதைச் சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், தனக்குத் தெரிந்த எல்இடிகள் அனைத்தையும் ‘சிஸ்’ அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘லெட்ஸ்’ என்ற இடத்தில் அடுக்கி வைக்கிறது. கட்டளை தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து அந்த அடைவைப் பட்டியலிடுங்கள். ‘ஸ்க்ரோல்லாக்’ என்று முடியும் பெயர் ஒன்று தென்படும். அதற்குள் ‘பிரைட்னஸ்’ என்ற கோப்பில் 1 என்று எழுதினால் விசைப்பலகையில் அந்த விளக்கு எரியும். 0 எழுதினால் அணையும். ஸ்க்ரோல் பூட்டு விசையை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் அந்த விளக்கு சும்மாதான் கிடக்கிறது. எழுதுவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். இங்கே புதியவர்கள் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள்: நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ போட்டு, கொடுத்ததை அப்படியே வெளியிடும் ‘எக்கோ’ கட்டளையைக் கொடுத்து, கோணக்குறியால் கோப்புக்குத் திருப்பிவிட்டாலும் அனுமதி இல்லை என்றே வரும். எக்கோவுக்குத்தான் நிர்வாகி உரிமை கிடைக்கிறது. கோப்பைத் திறப்பது, நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் உங்கள் சாதாரண ஷெல். தனக்கு வருவதைக் கோப்பில் எழுதும் ‘டீ’ என்ற கட்டளைக்குச் சூடோ கொடுத்து, எண்ணை அதற்குள் குழாய்வழி அனுப்பினால் வேலை நடக்கும்.

அதே அடைவில் ‘டிரிக்கர்’ என்றொரு கோப்பும் இருக்கும். அதில் ‘ஹார்ட்பீட்’ என்று எழுதினால், கணினியின் வேலைப்பளு கூடக்கூட வேகம் பிடிக்கும் இரட்டைத் துடிப்பாக விளக்கு மின்னும். ‘டைமர்’ என்று எழுதினால் அரை விநாடி எரிந்து அரை விநாடி அணையும். நீங்கள் எந்த நிரலும் எழுதவில்லை, கர்னலே செய்கிறது. சில கணினிகளில் இந்த வசதி இருப்பது தெரியாமலேயே பலர் நிரல் எழுதித் திணறுகிறார்கள்.

விளக்கைக் கண்டுபிடித்தல்

விளக்கை வாங்கிவிட்டீர்கள், செருகிவிட்டீர்கள். ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளை, இணைக்கப்பட்ட எல்லா யூஎஸ்பி கருவிகளையும் வரிக்கு ஒன்றாகக் காட்டும். ஒவ்வொரு வரியிலும் நடுவில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளர் எண், இரண்டாவது கருவி எண். இவை பதினறும எண்கள் என்பதால் 0 முதல் 9 வரையான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்து வரும். பிளிங்க்(1) விளக்கு 27பி8:01ஈடி என்று தெரியும். லக்ஸஃபோர் விளக்கு 04டி8:எஃப்372. இதில் 04டி8 என்பது சில்லு தயாரிக்கும் மைக்ரோசிப் நிறுவனத்தின் எண். ஆகவே பட்டியலில் லக்ஸஃபோர் என்ற பெயரைத் தேடிக் காணாமல் மைக்ரோசிப் என்று கண்டால் குழம்ப வேண்டாம். வரி எது என்று சந்தேகம் வந்தால் விளக்கைப் பிடுங்கிவிட்டு மீண்டும் பட்டியலிடுங்கள். எது காணாமல் போனதோ அதுதான்.

இனி இரண்டு பாதைகள் உண்டு. கர்னலில் ‘ஹிட்-லெட்’ என்ற சிறு இயக்கி இருக்கிறது. பிளிங்க்(1), லக்ஸஃபோர், டெல்காம், ட்ரீம் சீக்கி உள்ளிட்ட சில விளக்குகளை அது அறியும். உங்கள் லினக்ஸ் வெளியீட்டில் அது சேர்க்கப்பட்டிருந்தால், செருகியதுமே மேலே சொன்ன லெட்ஸ் அடைவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் முளைத்திருக்கும். ஸ்க்ரோல் பூட்டு விளக்கில் செய்ததை அப்படியே செய்யலாம். பிளிங்க்(1), லக்ஸஃபோர் விளக்குகளில் 1க்குப் பதில் 0 முதல் 255 வரை எந்த எண்ணையும் எழுதலாம்.

இரண்டாவது பாதை ‘ஹிட்ரா’. எச்ஐடி கருவி ஒவ்வொன்றுக்கும் ‘டெவ்’ அடைவில் ஹிட்ரா0, ஹிட்ரா1 என்று ஒரு கோப்பைக் கர்னல் உண்டாக்குகிறது. அதன் வழியாக இயக்கியின் தயவில்லாமல் விளக்கோடு நேராகப் பைட் மொழியில் பேசலாம். எந்த எச்ஐடி விளக்காக இருந்தாலும் இந்தப் பாதை உண்டு என்பதால் எனக்கு இதுவே பிடித்தது. செருகும் வரிசையைப் பொறுத்து அந்த எண் மாறும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இன்று ஹிட்ரா3 ஆக இருந்தது நாளை ஹிட்ரா5 ஆகலாம். நிரலில் எண்ணை எழுதி வைக்காமல், தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் கொண்டு தேடிப் பிடிக்க வைப்பதே சரி.

சிவப்பு என்றால் எத்தனை பைட்?

லக்ஸஃபோரை எடுத்துக்கொள்வோம். அதற்கு அனுப்ப வேண்டிய வரிசை இது: 0, 1, 255, 255, 0, 0. முதல் 0 அறிக்கை எண். எச்ஐடி மொழியில் ஒவ்வொரு செய்தித் தொகுப்பும் ஓர் அறிக்கை. இந்த விளக்கு அறிக்கைகளுக்கு எண் இடுவதில்லை, அதனால் சுழியம். அடுத்த 1 என்பது உடனே நிறத்தை மாற்று என்னும் கட்டளை. பிறகு வரும் 255, விளக்கிலுள்ள ஆறு எல்இடிகளையும் சேர்த்துக் குறிக்கிறது. கடைசி மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகள். மீதமுள்ள இடங்களைச் சுழியங்களால் நிரப்பி ஹிட்ரா கோப்பில் எழுதினால் விளக்கு சிவந்துவிடும்.

பிளிங்க்(1) வேறு பேச்சு பேசும்: 1, 99, 255, 0, 0, 0, 50, 0. இதில் முதல் 1 அறிக்கை எண். 99 என்பது, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் சிறிய ‘சி’ எழுத்தின் மதிப்பு. குறிப்பிட்ட நிறத்துக்கு மெல்ல மாறு என்று அதற்குப் பொருள். அடுத்த மூன்றும் நிறம். அதற்கடுத்த இரண்டு பைட்களும் சேர்ந்து மாறுவதற்கான நேரம், விநாடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில். ஆகவே 50 என்றால் அரை விநாடி. கடைசிச் சுழியம் எல்லா எல்இடிகளையும் குறிக்கும்.

இதையும் லக்ஸஃபோருக்குச் செய்தபடியே ஹிட்ரா கோப்பில் எழுதினால் விளக்கு அசையாது. எச்ஐடி அறிக்கைகளில் வெளியீட்டு அறிக்கை, அம்ச அறிக்கை என்று இரண்டு வகை கருவியை நோக்கிப் போகக்கூடியவை. கோப்பில் எழுதினால் அது வெளியீட்டு அறிக்கையாகவே போகும். பிளிங்க்(1) எதிர்பார்ப்பதோ அம்ச அறிக்கை. அதை அனுப்ப வெறும் எழுதுதல் போதாது. ‘ஐஓகண்ட்ரோல்’ என்னும் தனி அழைப்பு தேவை. ஷெல்லிலிருந்து அது எளிதாக முடியாது. பைத்தான் அல்லது சி மொழியில் ‘ஹிட்ஏபிஐ’ நிரலகத்தைப் பயன்படுத்தினால் ஒரே வரியில் முடியும். கையால் நிரல் எழுதும் வேலை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குத் திங்எம் தரும் ‘பிளிங்க்1-டூல்’ என்ற திறமூலக் கட்டளை இருக்கிறது. பல நிறுவனங்களின் விளக்குகளை ஒரே கட்டளையில் இயக்க ‘பிஸிலைட் ஃபார் ஹியூமன்ஸ்’ என்ற பைத்தான் தொகுப்பும் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறையாவது பைட்களைக் கையால் அனுப்பிப் பாருங்கள். பின்னால் ஏதாவது வேலை செய்யாமல் போகும்போது கோளாறு எந்தப் பக்கம் என்று ஊகிக்க அந்த அனுபவம் கைகொடுக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு பேச்சு. பாதி வெளிச்சம் வேண்டும் என்று 128 அனுப்பினால் பாதியாகத் தோன்றாது, ஏறக்குறைய முக்கால் வெளிச்சமாகத் தோன்றும். கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. பாதியாகத் தோன்ற வேண்டுமானால் 55 அருகில் அனுப்ப வேண்டும். மஞ்சள் வேண்டி சிவப்பும் பச்சையும் சம அளவில் கொடுத்தால் எலுமிச்சைப் பச்சையாகிவிடும். பச்சையைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் வீட்டில் இருந்தால் பச்சைக்குப் பதில் நீலம், அல்லது இன்னும் எளிதாக, நீங்கள் கூட்டத்தில் இல்லாதபோது விளக்கே எரியாமல் விடலாம்.

அனுமதி மறுக்கப்பட்டது

பெரும்பாலோர் இந்த முயற்சியைக் கைவிடும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஹிட்ரா கோப்பில் எழுதப் போனால் லினக்ஸ் அனுமதி மறுக்கும். சூடோ போட்டால் விடும். அப்படியானால் நிரல் முழுவதையும் நிர்வாகியாகவே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. அப்படி ஓட்டினால் பிறகு மைக் பயன்பாட்டைக் கவனிக்க முடியாமல் போகும். ஒலிச் சேவை உங்கள் கணக்கில் ஓடுகிறது, நிர்வாகி கணக்கில் அல்ல.

லினக்ஸ் ஏன் இவ்வளவு கண்டிப்பு? விசைப்பலகையும் எச்ஐடி கருவி என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கும் ஒரு ஹிட்ரா கோப்பு இருக்கிறது. அதைப் படிக்க முடிந்த நிரல் எதுவாக இருந்தாலும், வங்கிக் கடவுச்சொல் உட்பட நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கும். எல்லா ஹிட்ரா கோப்புகளையும் எல்லோருக்கும் திறந்துவிடு என்று இணையத்தில் யாராவது அறிவுரை சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

சரியான வழி ‘யூடெவ்’ விதி. கருவி செருகப்படும்போதெல்லாம் யூடெவ் என்ற சேவை விழித்துக்கொண்டு, விதிக் கோப்புகளை எண் வரிசையில் படிக்கிறது. நாம் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. துணையமைப்பு ஹிட்ரா ஆக இருந்து, தயாரிப்பாளர் எண் இதுவாகவும் கருவி எண் இதுவாகவும் இருந்தால், ‘யூஅக்செஸ்’ என்ற அடையாளத்தைச் சேர். அவ்வளவுதான். அந்த அடையாளம் பெற்ற கருவியைப் பயன்படுத்தும் உரிமை, கணினியின் முன்னால் அப்போது உள்நுழைந்து உட்கார்ந்திருப்பவருக்குப் போகும். குடும்பத்தில் ஒரே கணினியைப் பலர் தத்தம் கணக்கில் பயன்படுத்தினால் இது அழகாகப் பொருந்தும். பிள்ளை தன் கணக்குக்கு மாறியதும் விளக்கு அவன் பக்கம் போய்விடும்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. கோப்பின் பெயர் 73ஐவிடச் சிறிய எண்ணில், சொல்லப்போனால் 70இல், தொடங்க வேண்டும். யூஅக்செஸ் அடையாளத்தைப் பார்த்து உரிமை வழங்கும் விதி 73ஆம் எண் கோப்பில் இருக்கிறது; பழக்கத்தில் 99 என்று பெயரிட்டால் உங்கள் விதி படிக்கப்படும் நேரத்தில் உரிமை வழங்கும் படலம் முடிந்திருக்கும். பிழைச்செய்தியும் வராது. அடுத்து, ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி, சேர்ப்பதற்குக் கூட்டல் குறியோடு சமக்குறி. இவை மாறினால் விதி வேறு பொருள் கொள்ளும். கடைசியாக, பதினறும எண்ணின் எழுத்துகள் சிறிய எழுத்துகளாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் விதிகளை மீண்டும் ஏற்றச் சொல்லிவிட்டு, விளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள். செருகாமல் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

லெட்ஸ் அடைவில் உள்ள கோப்புகளுக்கு யூஅக்செஸ் செல்லாது, அது டெவ் அடைவுக் கோப்புகளுக்கு மட்டுமே. நான் ஹிட்ரா பாதையைச் சிபாரிசு செய்வதற்கு இதுவும் காரணம்.

யார் முடிவெடுப்பது?

இப்போது உணர்கருவியின் பங்குக்கு வருகிறோம். கூட்டத்தில் இருக்கிறீர்களா என்பதைக் கணினி எதை வைத்து அறிவது? நாட்காட்டியை வைத்து என்று முதலில் தோன்றும். நாட்காட்டி சொல்வது திட்டத்தை மட்டும்தான். மூன்று மணிக் கூட்டம் பத்து நிமிடம் முன்பே முடியலாம். நாட்காட்டியில் இல்லாத அழைப்பும் வரலாம். மைக் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட நம்பகமானது. ஸூம், டீம்ஸ், உலாவிவழி அழைப்பு எதுவானாலும் மைக்கைத் திறக்காமல் பேச முடியாது.

இன்றைய லினக்ஸ் மேசைக்கணினிகளில் ஒலியைக் கவனித்துக்கொள்வது பெரும்பாலும் ‘பைப்வயர்’. பழைய ‘பல்ஸ்ஆடியோ’ கட்டளைகளும் அதனோடு வேலை செய்யும். ‘பாக்டில்’ என்ற கட்டளையிடம் ‘சோர்ஸ்-அவுட்புட்’ பட்டியலைக் கேட்டால், அந்த நொடியில் மைக்கிலிருந்து ஒலி எடுத்துக்கொண்டிருக்கும் நிரல்களைச் சொல்லும். பட்டியல் காலி என்றால் யாரும் கேட்கவில்லை. இதை விநாடிக்கொரு முறை கேட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை. அதே கட்டளைக்கு ‘சப்ஸ்கிரைப்’ என்று கொடுத்தால் அது காத்திருந்து, மாற்றம் நிகழும்போது மட்டும் ஒரு வரியை வெளியிடும். அந்த வரி வந்ததும் பட்டியலைப் பார், காலியில்லை என்றால் சிவப்பு, காலி என்றால் அணை. நிரலின் முழுச் சாரமும் இதுதான், பைத்தானில் முப்பது வரிக்கு மேல் போகாது.

நடைமுறையில் சில திருகல்கள் உண்டு. ஒலியளவைச் சரிசெய்யும் ‘பாவுகண்ட்ரோல்’ சாளரத்தைத் திறந்தால், மைக்கின் ஒலி மட்டத்தை ஆடும் பட்டையாகக் காட்டுவதற்காக அதுவும் மைக்கைத் திறக்கும். விளக்கு சிவந்துவிடும். இரைச்சல் நீக்கும் வடிப்பான்களும் அப்படித்தான். இவற்றின் பெயர்களைக் கொண்ட விலக்குப் பட்டியல் ஒன்று நிரலில் வேண்டும். இன்னொன்று, கூட்டத்தில் நீங்கள் உங்கள் குரலை நிறுத்தி வைத்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் மைக்கைப் பிடித்த பிடியை விடுவதில்லை. விளக்கு சிவப்பாகவே இருக்கும். நீங்கள் கூட்டத்தில்தானே இருக்கிறீர்கள், அதனால் அது சரியே.

கணினிக்கு எட்டாதது கைபேசி. சிங்கப்பூரில் மணி எட்டரை ஆகும்போது சென்னையில் ஆறு. வேலை முடிந்த அத்தை வாட்ஸ்அப்பில் அழைத்தால் மேசைக்கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு விசைச்சேர்க்கையை ஒதுக்கிவிடுங்கள். அழுத்தினால் விளக்கு சிவப்பு, மீண்டும் அழுத்தினால் தானியங்கு நிலை. திரை பூட்டப்பட்டால், அதாவது நீங்கள் எழுந்து போய்விட்டால், விளக்கை அணைக்கவும் வழி இருக்கிறது: பூட்டு நிலை மாறும்போது, உள்நுழைவுகளைக் கவனிக்கும் ‘லாகின்டி’ சேவை, நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் ‘டி-பஸ்’ வழியாக அறிவிக்கும். காரணங்கள் பல சேர்ந்ததும் எதற்கு முதலிடம் என்று தீர்மானித்து எழுத வேண்டியிருக்கும். என் வரிசை இது: கையால் போட்ட நிலை எல்லாவற்றையும் வெல்லும், அடுத்து மைக், கடைசியில் திரைப்பூட்டு.

அறைக்கு வெளியே கொண்டுபோதல்

விளக்கு மேசையிலேயே இருந்தால் கதவுக்கு வெளியே நிற்பவருக்குப் பயனில்லை. யூஎஸ்பி 2.0 கம்பி 5 மீட்டர் வரை போகலாம், குறைவேகக் கருவியானால் 3 மீட்டர். சாதாரணப் படுக்கையறைக்கு அது போதும். கதவடி இடைவெளி வழியாகத் தட்டைக் கம்பி நுழையும். அவசரக் காலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்ட பாதுகாப்பு அறையில் மேசை போட்டவர்களுக்கு வழி கடினம், அந்தக் கான்கிரீட் சுவரில் நினைத்தபடி துளையிட அனுமதியில்லை. அத்தகையோர் விளக்கைக் கூடத்தில் உள்ள ஒரு சிறு கணினியில் செருகி, வலையமைப்பு வழியாக நிறத்தை அனுப்பலாம்.

சொந்தமாகச் செய்ய விரும்புபவர்கள் சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் உதிரிப் பாகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றலாம். 2021இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையும் ஒரு வண்ண எல்இடியும் போதும். அது எச்ஐடி ஆகத் தோன்றாது. தொடர்முனையமாகத் தோன்றும், டெவ் அடைவில் ‘டிடிஒய்ஏசிஎம்0’ என்று. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் உங்கள் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு மீண்டும் உள்நுழைந்தால் எழுதும் உரிமை கிடைக்கும். சிவப்பு என்று ஒரு சொல்லை அனுப்பினால் சிவக்கும்படி நீங்களே நிரல் எழுதிக்கொள்ளலாம்.

பொய் சொல்லும் விளக்கு

நிரலை, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் ‘சிஸ்டம்டி’யின் பயனர் சேவையாகப் பதிந்துவிட்டால் உள்நுழையும்போது தானாகத் தொடங்கும், நின்றுபோனால் மீண்டும் எழும். சேவைக் கோப்பில் சேவை நின்ற பிறகு ஓட வேண்டிய கட்டளை என்று ஓரிடம் உண்டு; அதில் விளக்கை அணைக்கும் கட்டளையை மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும்? விளக்கு கடைசியாகக் கேட்ட நிறத்திலேயே நிற்கும். நிரல் இறந்துவிட்டது அதற்குத் தெரியாது. வீட்டார் இரண்டு முறை வெறும் சிவப்பை நம்பிக் காத்திருந்தால் மூன்றாம் முறை அதைப் பார்க்கவே மாட்டார்கள்.

தயாரிப்பாளர்களில் சிலர் இதை யோசித்திருக்கிறார்கள். குவாண்டோ பிஸிலைட்டுக்குக் கணினி அவ்வப்போது உயிரோடிருக்கிறேன் என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிறிது நேரம் வராவிட்டால் தானே அணைந்துவிடும். முதல்முறை பயன்படுத்துபவர்கள் இதைக் கோளாறு என்று எண்ணி எரிச்சல்படுவார்கள். எனக்கோ நேர்மையான வடிவமைப்பு என்று படுகிறது. பிளிங்க்(1) விளக்கிலும் இதே வசதியைக் கேட்டுப் பெறலாம்: குறித்த நேரத்துக்குள் கணினியிடமிருந்து சேதி வராவிட்டால் முன்பே பதிந்து வைத்த நிற வரிசையைக் காட்டு என்று கட்டளையிடலாம். லக்ஸஃபோர் போன்றவற்றுக்கு நிரலைத்தான் நம்ப வேண்டும். பிக்கோ பலகையில் நீங்களே எழுதும் நிரலானால் பத்து விநாடி சேதி வராவிட்டால் அணை என்ற வரியை முதலிலேயே சேருங்கள்.

கணினியை அணைத்த பிறகும் விளக்கு எரிந்தால் நிரலைக் குடைய வேண்டாம். பல தாய்ப்பலகைகள் அணைந்த நிலையிலும் யூஎஸ்பி துளைகளுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும், கைபேசிக்கு மின்னேற்ற உதவும் என்று. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புகளில் ‘ஈஆர்பி’ என்ற மின்சேமிப்புத் தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள்; பெரும்பாலான பலகைகளில் அந்த மின்சாரம் நின்றுவிடும்.